எஃகில் ஒரு சிறு துளை

எவர்சில்வர்ப் பாத்திரம் வாங்கும் நம்மவர் எவரும் பெயர் வெட்டாமல் கடையை விட்டு இறங்குவதில்லை. ஊர் விட்டு ஊர் வந்து எத்தனை தலைமுறை ஆயினும் இவ்வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. கடைக்காரர் கையில் அதிர்ந்துகொண்டிருக்கும் சிறு ஊசி, புள்ளி புள்ளியாகப் பாத்திரத்தைக் கொத்தி, தாத்தாவின் பெயரையும் திருமணத் தேதியையும் நொடியில் எழுதிவிடுகிறது. பார்ப்பவர்க்கு அவ்வுலோகம் மெழுகு போல இளகியதோ என்று தோன்றும். ஆனால் அந்த ஊசி மேற்பரப்பைக் கீறுகிறதேயன்றி உள்ளே புகுவதில்லை. அவ்வுலோகத்தின் உறவினமான வேறொரு எஃகை எடுத்து, கத்திக்கு ஏற்றுவது போல் தோய்ச்சல் ஏற்றி, அதில் ஓர் ஈர்க்குச்சியின் பருமனில், சுட்டுவிரலின் இரு கணு நீளத்துக்கு, கோணாமல் ஒரு துளை போடச் சொன்னால் என்ன ஆகும்? இக்கட்டுரை அதைப் பற்றியது.

ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று அன்பர்கள் வினவலாம். மும்பையில் தாராவியிலும் குர்லாவிலும் அந்தேரியிலும் பத்துக்குப் பத்து அறையில் ஒரு லேத்தும் ஒரு துளையிடும் எந்திரமும் வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு வரும் ஆர்டர்களும் வரைபடங்களும் ஆங்கிலத்தில் வருகின்றன. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும் நம்மைப் போன்றோரிடம்தான் அவை படிப்பதற்கு வருகின்றன. அவ்வாறு ஒரு வரைபடம் சென்ற ஆண்டு நம் கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த திருநெல்வேலிச் சீமை டர்னரின் முகத்தில் இரத்தமே இல்லை.

அவர் கதையைச் சொல்லுமுன் உலோகத்தைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம்.

எவர்சில்வர் என்று நாம் செல்லமாக அழைக்கும் துருவேறா எஃகு ஒரே பொருள் அன்று. ஒரு பெரிய குடும்பம். இரும்போடு குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் சேர்ந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது. இது குடும்பத்தார் எல்லோருக்கும் பொது. மற்ற குணங்களில் உடன்பிறந்தார் வேறு வேறு. குரோமியம் 18 பங்கும் நிக்கல் 8 பங்கும் சேர்ந்தது நல்ல சமையல் பாத்திரங்களுக்கு உரியது. '18/8' என்று சிலவற்றின் அடியில் பொறித்திருப்பதைக் காணலாம். இதைச் சுட்டுத் தண்ணீரில் தோய்த்தாலும் கடினமாகாது. குரோமியத்தோடு கரியும் போதிய அளவு சேர்ந்த இனம் வேறு. அதுவே கத்தி, கத்தரிக்கோல், அறுவைச் சிகிச்சைக் கருவி முதலியவற்றுக்கு உரியது. அதை ஏறக்குறைய 1,000 டிகிரி சென்டிகிரேடுக்குச் சுட்டு விரைவாகக் குளிரச் செய்தால் கல்லைப் போல் இறுகும். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் தோய்ச்சல் காட்டுவதும் இந்தத் தத்துவமே.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு காந்தத் துண்டை 18/8 டம்ளரின் அடியில் வைத்தால் ஒட்டாது. துருவேறாக் கத்தியில் வைத்தால் பற்றிக்கொள்ளும். அதே டம்ளரின் மடித்த விளிம்பில் வைத்துப் பாருங்கள். சிற்சில டம்ளர்களில் இலேசாக இழுப்பது தெரியும். அடித்து மடித்த இடத்தில் மட்டும் உலோகத்தின் உள்ளமைப்பு மாறி இறுகியிருப்பதே அதற்குக் காரணம். இந்தக் குணத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். துளையிடுபவனுக்கு இதுவே பெரும் பகை. கத்தியும் எவர்சில்வர்தானே, காந்தம் ஒட்டுகிறதே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானே என்று சண்டைக்குப் போகும் சகோதரிகளும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தோய்ச்சல் ஏறும் இவ்வினத்தைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி. 1912-ஆம் ஆண்டில் துப்பாக்கிக் குழல்கள் வெப்பத்தால் உள்ளே அரித்துப்போவதைத் தடுக்க வழி தேடும்படி அவரிடம் கேட்கப்பட்டது. அதற்காக அவர் குரோமியம் கலந்த எஃகுகளை உருக்கிப் பார்த்தார். 1913-இல் உருக்கிய ஒன்றில் குரோமியம் 12.8 பங்கும் கரி 0.24 பங்கும் இருந்தன. அது குழலுக்குப் பயன்படவில்லை. ஆனால் அமிலம் அதை எளிதில் தீண்டவில்லை என்று கண்டார். ஷெபீல்டு கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர். ஆகவே உணவு மேசைக் கத்தியாக அது உலகை வலம் வந்தது. நீண்ட துளை போட்ட குழலுக்காகத் தேடிய எஃகே, பிற்காலத்தில் சிறு துளை போட வருவோரையெல்லாம் திணற அடிக்கிறது.

இனி டர்னர் அன்பரின் கதை. பிளாஸ்டிக் அச்சுகள் செய்யும் ஒரு நிறுவனத்தார் அவரிடம் நாற்பது முளைகளைக் கொடுத்திருந்தனர். மருந்துப் புட்டிகளின் மூடியை வார்க்கும் அச்சில் நடுவே நிற்கும் முளைகள் அவை. உருகிய பிளாஸ்டிக் விரைவில் குளிர வேண்டுமாதலால் முளையின் உள்ளே தண்ணீர் ஓட வழி வேண்டும். தண்ணீர் ஓடினால் சாதாரண எஃகு துருவேறி வழி அடைபடும். ஆகவே தோய்ச்சல் ஏறும் துருவேறா எஃகை அந்நிறுவனத்தார் தேர்ந்தெடுத்திருந்தனர். அதில் பிழை இல்லை. ஒவ்வொரு முளையிலும் 1.5 மில்லிமீட்டர் விட்டத்தில் 45 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, மறுபுறம் வெளிவராத துளை ஒன்று வேண்டும். இதில் ஆழம் விட்டத்தைப் போல் முப்பது மடங்கு. பட்டறை வழக்கில் விட்டத்தின் ஐந்து மடங்கைத் தாண்டினாலே அது ஆழத்துளை எனப்படும்.

"இரும்புதானே என்று சாதாரண விலையைச் சொல்லி ஏற்றுக்கொண்டேன், அண்ணாச்சி. ஒன்பது முளையில் டிரில் முறிந்து உள்ளேயே நிற்கிறது. இனி எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது" என்றார் அவர். முன்பணம் முழுவதும் துளைப்பான் வாங்கியே கரைந்துவிட்டது. இல்லத்தரசியாரின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயிருந்தன. பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகையும் தொட்டாயிற்று என்பதை அவர் சொல்லவில்லை, பின்னால் தெரிந்துகொண்டோம்.

ஏன் முறிந்தது? பட்டறைகளில் பெரும்பாலும் புழங்குவது ஹைஸ்பீடு எஃகுத் துளைப்பான். எஃகின் கடினத்தை ராக்வெல் என்ற அளவையால் அளப்பர். வைர முனையொன்றை 150 கிலோ சுமையில் அழுத்தி, அது இறங்கும் ஆழத்தைக் கொண்டு எண் தருவர். ஹைஸ்பீடு துளைப்பானின் கடினம் அவ்வளவையில் 64-ஐ ஒட்டியிருக்கும். நம் அன்பரின் முளைகள் 50 முதல் 52. வேற்றுமை போதுமானது என்று எண்ணத் தோன்றும். ஆனால் துளைப்பான் வெட்டும்போது அதன் முனை சிவக்கும் அளவுக்குக்கூடச் சூடேறலாம். சூட்டில் அதன் கடினம் குறைந்துவிடும். துருவேறா எஃகோ வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. சாதாரண இரும்பு கடத்துவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அது கடத்தும். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பால் காய்ச்சினால் நெருப்புப் படும் இடத்தில் மட்டும் அடிப்பிடிப்பதும், அதனால் பாத்திரத்துக்குச் செம்பு அடி வைப்பதும் நம் வீட்டுப் பெண்மணிகள் அறிந்ததே. அதே குணத்தால் துளையினுள் பிறந்த வெப்பம் முளைக்குள் பரவாமல் துளைப்பானின் முனையிலேயே தங்கிவிடுகிறது.

அடுத்தது சிறுமை. முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 15 மில்லிமீட்டர் துளைப்பான் தாங்கும் முறுக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கையே 1.5 மில்லிமீட்டர் துளைப்பான் தாங்கும். மேலும் துளைப்பானின் நட்டநடு முனை சுழலுகிறதேயொழிய வெட்டுவதில்லை. அது உலோகத்தை அழுத்தித் தள்ளுகிறது. அதற்கு அழுத்தம் வேண்டும். அழுத்தம் கூடினால் நீண்ட மெல்லிய தண்டு வில்லாய் வளைகிறது. வளைந்த தண்டு சுவரில் உரசி முறிகிறது.

மூன்றாவது ஆழம். வெட்டுண்ட சுருள்கள் வெளியே வர வேண்டிய வழி துளைப்பானின் முறுக்குப் பள்ளம் ஒன்றே. ஆழம் மிகும்போது சுருள் அதில் சிக்கி நெரிகிறது. மேலிருந்து ஊற்றும் எண்ணெயும் முனைக்கு எட்டுவதில்லை. ஆகவே சிறிது வெட்டிவிட்டு வெளியே இழுத்துச் சுருளை உதறிவிட்டு மீண்டும் இறக்குவது வழக்கம். இங்கேதான் முன்பு குறித்து வைத்துக்கொள்ளச் சொன்ன குணம் வேலை செய்கிறது. கை தயங்கி, முனை வெட்டாமல் அடியில் ஒரு நொடி தேய்த்துவிட்டாலும், தேய்த்த இடம் இறுகிவிடும். பாத்திரத்து இனத்தில் இது மிகுதி. கத்தி இனத்தில் குறைவாயினும், அங்கே முனையே மழுங்கிவிடுகிறது. மழுங்கிய முனை மேலும் தேய்க்கும். தேய்த்தால் மேலும் சூடு. இச்சுழலில் அகப்பட்ட துளைப்பானைக் காப்பாற்றுவது அரிது. பயந்து மெல்ல மெல்ல இறக்குபவனிடமே இவ்வெஃகு அதிகம் முரண்டு செய்கிறது என்று பழைய கைகள் சொல்வர். நம் அன்பரின் கையும் துளைப்பான் ஒவ்வொன்று முறியுந்தோறும் பயந்து பயந்து மெதுவாகியிருந்தது.

கோபால்ட் கலந்த துளைப்பான் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். 50-க்கு மேற்பட்ட கடினத்தில் அதற்கும் ஆயுள் குறைவு. பட்டறைகளில் 'விடியா' என்று வழங்கும் கார்பைடு வெட்டும். 'வைரம் போல' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைச் சுருக்கி 1920-களில் க்ரூப் நிறுவனத்தார் இட்ட பெயர் அது. நம் பட்டறைகளில் அப்பொருளுக்கே பெயராக நிலைத்துவிட்டது. வைரம் போன்ற அதன் குறையும் வைரத்தினுடையதே: வளையாது, முறியும். நடுவே எண்ணெய் பாயும் நுண்வழியுள்ள நீண்ட விடியாத் துளைப்பான்கள் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றுக்கு மிகுந்த அழுத்தத்தில் எண்ணெய் தள்ளும் எந்திரமும், சிறிதும் ஆடாத சுழலியும் வேண்டும். குர்லாவின் பத்துக்குப் பத்து அறையில் அவற்றுக்கு இடமேது?

வரைபடத்தை நாம் படித்துப் பார்த்தோம். மூலையில் ஒரு வரி: 'தோய்ச்சலுக்குப் பின் கடினம் 50 முதல் 52'. அதாவது முடிவில் முளை அந்தக் கடினத்தில் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். துளையைத் தோய்ச்சலுக்கு முன் போடுவதா, பின் போடுவதா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நிறுவனத்தார் முதலிலேயே தோய்ச்சல் ஏற்றி, வெளிப்புறத்தைச் சாணை பிடித்து, மெருகேற்றி, கடைசி வேலையாகத் துளையை நம் அன்பரிடம் தள்ளிவிட்டனர். சாணை வேலை முடிந்த முளை ஒவ்வொன்றும் விலையேறிய பொருள். அதில் துளைப்பான் முறிந்தால் நட்டம் யாருடையது என்பதும் எங்கும் எழுதப்படவில்லை.

இவ்வெஃகு தோய்ச்சலுக்கு முன் இளகிய நிலையில் வரும்போது பேசிப் பார்க்கத் தக்கதாயிருக்கிறது. குட்டையான தடித்த துளைப்பானால் விட்டத்தின் இரண்டு மூன்று மடங்குக்கு நேரான வழி போட்டு, அவ்வழியில் நீண்ட கோபால்ட் துளைப்பானை இறக்கினால் அது அலையாது. நிமிடத்துக்கு 15 மீட்டர் வெட்டுவேகம் என்று வைத்தால் 1.5 மில்லிமீட்டர் துளைப்பான் ஏறத்தாழ 3,200 சுற்றுச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 0.02 மில்லிமீட்டர் இறங்கினால் 45 மில்லிமீட்டருக்கு 2,250 சுற்று. சுருளை உதற எடுக்கும் நேரம் நீங்கலாக முக்கால் நிமிட வேலை. பிறகு தோய்ச்சல் ஏற்றும்போது உலோகம் இம்மி அளவு அசையும். தண்ணீர் ஓடும் வழிக்கு அந்த இம்மியால் கேடில்லை. வெளிப்புறச் சாணையைத் தோய்ச்சலுக்குப் பிறகு வைத்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். முக்கால் நிமிட வேலை ஒரு குடும்பத்தின் மூன்று வார ஊணைத் தின்றதற்குக் காரணம் வேலைகளின் வரிசை. டர்னரின் கை அன்று.

சரி, ஏற்கெனவே இறுகிவிட்ட நாற்பதுக்கு என்ன செய்வது? அதற்கும் வழி உண்டு. 1943-இல் மாஸ்கோவில் போரிஸ் லாசரென்கோ, நதால்யா லாசரென்கோ என்ற கணவனும் மனைவியும் மின் தொடர்பு முனைகள் பொறிபட்டு அரிப்பதைத் தடுக்க ஆராய்ந்துகொண்டிருந்தனர். அரிப்பைத் தடுப்பதற்கு மாறாக, எண்ணெய் போன்ற நீர்மத்துக்குள் அவ்வரிப்பை அடக்கி ஆண்டால் உலோகத்தைச் செதுக்கலாம் என்று கண்டனர். ஏறக்குறைய அக்காலத்தில் அமெரிக்காவிலும் வார்ப்புகளுக்குள் முறிந்து நின்ற துளைப்பான்களை மின்பொறியால் அரித்து எடுக்க ஒரு கருவி செய்தனர். முறிந்த டிரில் அங்கும் ஒரு தொழிலுக்கு வித்திட்டிருக்கிறது!

இன்று பட்டறைகளில் 'ஸ்பார்க் டிரில்' எனப்படும் எந்திரம் அதன் வழிவந்தது. மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்று சுழன்றுகொண்டே இறங்குகிறது. அது எஃகைத் தொடுவதில்லை. இடையில் மயிரிழையினும் குறுகிய இடைவெளியில் நொடிக்கு ஆயிரக்கணக்கான பொறிகள் தாவி, தொட்ட இடத்தை உருக்கித் தெறிக்கின்றன. குழாயின் உள்ளே பாயும் தண்ணீர் உருகிய துகளை வெளியே கொண்டுவருகிறது. எஃகு இறுகியதா இளகியதா என்ற கேள்வியே அங்கு இல்லை. மின்சாரம் பாய்ந்தால் போதும். விட்டத்தைப் போல் நூறு மடங்கு ஆழமும் போடலாம். குழாயும் கூடவே தேய்ந்து குட்டையாகும். அடி அடைத்த துளையாயின் ஒற்றை வழிக் குழாய் நடுவே ஒரு முள்ளை விட்டுவைக்கும். ஆகவே பல வழியுள்ள குழாயைக் கேட்டு வாங்க வேண்டும். துளையின் சுவரில் உருகி மீண்டும் உறைந்த மெல்லிய தோல் ஒன்று தங்கும். விமான எஞ்சினின் இறகுக்கு அத்தோல் ஆபத்து. அச்சு முளையின் தண்ணீர் வழிக்கு அத்தனை ஆபத்தில்லை. நமது ரயில்வேயின் டீசல் எஞ்சின்களில் எண்ணெயைப் பனியாய்ச் சிதறடிக்கும் நாசில்கள் உண்டு. அவை துருவேறா எஃகு அல்லவாயினும், அவற்றின் முனையில் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகள் இருக்கும். அத்தகைய துளைகளை உலகெங்கும் மின்பொறியால் போடுவது பெருவழக்கு.

நிறுவனத்தாருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினோம். அதற்கு ஆதாரம் நம் சொல்லன்று. டர்னரின் இல்லத்தரசியார் வைத்திருந்த நாற்பது பக்க நோட்டு. எந்தத் தேதியில் எந்த முளையில் எந்தத் துளைப்பான் எத்தனை மில்லிமீட்டரில் முறிந்தது என்று அந்த அம்மாள் பென்சிலால் தமிழில் குறித்து வைத்திருந்தார். பெரும்பாலானவை பத்து மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அதை அப்படியே பெயர்த்து எழுதி, முளைகள் இறுகிய நிலையில் தரப்படும் என்று ஆர்டரில் எங்கும் குறிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தோம். எஞ்சியவற்றை மின்பொறி எந்திரத்துக்கு அனுப்பும் செலவைப் பகிர்ந்துகொள்ளும்படி கேட்டோம். சண்டை வாசகம் ஒன்றும் வேண்டாம் என்று அந்த அம்மாளே சொன்னார்; அடுத்த ஆர்டர் வர வேண்டுமல்லவா?

பன்னிரண்டு நாள் பதில் இல்லை. பின்னர் நிறுவனத்தாரின் மேற்பார்வையாளர் ஒருவர் நேரில் வந்து, நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாதிச் செலவை ஏற்பதாகக் கூறிச் சென்றார். முறிந்த டிரில் நின்ற ஒன்பது முளைகளும் மின்பொறிக்குத் தப்பவில்லை. உள்ளே நின்ற துண்டும் எஃகுதானே. அதையும் சேர்த்தே குழாய் அரித்துக்கொண்டு இறங்கியது. அவற்றில் இரண்டின் வாய் மட்டும் சற்று அகன்றுவிட்டது. அவற்றைத் தள்ளுபடி செய்தனர். முப்பத்தெட்டுக்குப் பணம் வந்தது. இலாபம் என்று ஒன்றும் இல்லை. வளையல்களில் ஒன்று மீண்டது. மற்றொன்று இதை எழுதும் நாளிலும் கடையில்தான் இருக்கிறது.

இதை ஏன் விரிவாக எழுதுகிறோம் என்றால், இத்தகைய வேலை நம்மவர் பலருக்கு வந்துகொண்டிருக்கிறது. துருவேறா எஃகு என்று ஆர்டரில் கண்டால், எந்த எண்ணுடைய எஃகு, இளகியதாக வருமா இறுகியதாக வருமா என்று ஒரு வரி எழுதிக் கேட்டு வாங்குங்கள். 304 என்றால் பாத்திரத்து இனம். தயங்காமல் வெட்டினால் வழிவிடும். 420 என்றாலும் 440 என்றாலும் கத்தி இனம். தோய்ச்சலுக்கு முன்பே துளையைக் கேளுங்கள். 17-4 என்ற மற்றொரு இனம் உண்டு. அதை ஏறத்தாழ 480 டிகிரியில் வைத்து எடுத்தாலே இறுகிவிடும், உருவமும் மிகக் குறைவாகவே மாறும். ஆகவே அதிலும் முன்னதாகத் துளையிட்டுக்கொள்ள வழி உண்டு. கையில் காந்தம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஆயினும் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். இளகிய கத்தி எஃகும் இறுகிய கத்தி எஃகும் ஒருபோலவே ஒட்டும். ஓர் அரத்தை மூலையில் இழுத்துப் பார்த்தால் வேற்றுமை தெரிந்துவிடும்: இளகியதை அரம் கடிக்கும், இறுகியதில் வழுக்கும்.

பத்தாவது முடித்த நம் பிள்ளைகளுக்கு இத்தொழிலை முறையாகக் கற்க இடமும் உண்டு. மத்திய அரசின் சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் கீழ் டூல் ரூம்கள் இயங்குகின்றன. மும்பையிலிருந்து மன்மாடு வழியாகச் செல்லும் ரயிலில் அவுரங்காபாத், அதாவது 2023 முதல் சத்ரபதி சம்பாஜி நகர் என்று வழங்கும் ஊரில், இந்தோ-ஜெர்மன் டூல் ரூம் இருக்கிறது. ஜாம்ஷெட்பூரில் இந்தோ-டேனிஷ் டூல் ரூமும், லூதியானாவில் மத்திய டூல் ரூமும் உள்ளன. அவ்வூர்களின் அன்பர்கள் அங்கே விசாரிக்கலாம். மின்பொறி எந்திரங்களை இத்தகைய இடங்களில் பழகலாம். விண்ணப்பப் படிவம் நிரப்பத் துணை வேண்டுவோர் ஞாயிறு காலைகளில் சங்கக் கட்டிடத்துக்கு வந்தால் நாம் இருப்போம்.

டர்னரின் மூத்த மகன் இவ்வாண்டு பத்தாவது எழுதியிருக்கிறான். அதே நிறுவனத்திலிருந்து சென்ற மாதம் அறுபது முளைகள் வந்திருக்கின்றன. ஆர்டர்த் தாளின் மூன்றாவது வரியில் 'தோய்ச்சலுக்கு முன் துளை' என்று எழுதியிருக்கிறது. அந்த அம்மாள் அரத்தை எடுத்து ஒவ்வொரு முளையாக இழுத்துப் பார்த்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார்.